திறந்து வைத்த மூலை

பனி உறையும் வடகோடிக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஹெஸ்ட்வோக்கில் புது மைதானம் கட்டலாம் என்று பேச்சு எழுந்தபோது ஊர் இரண்டாகப் பிரிந்துபோனது. கூரை போட்டு மூடிய அரங்கம்தான் வேண்டும் என்றது ஒரு பாதி. கால்பந்தென்றால் வானத்துக்குக் கீழேதான் என்றது மறுபாதி. மீன் ஆலையின் ஓய்வறையில் தினமும் இதே சண்டை. அங்கே எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவள் போர்கில்.

"மூடி போட்ட டப்பாக்குள்ள ஆடுறதுக்குப் பேரு கால்பந்தா? மீனைக்கூட நாம திறந்த பெட்டியிலதான் வைக்கிறோம்!"

தமிழ் மண்ணிலிருந்து பிழைக்க வந்த நானும் அந்த ஆலையில்தான் நெடுங்காலமாக வேலை பார்க்கிறேன். போர்கில் எனக்குப் பக்கத்து மேசை. காட் என்னும் பெரிய கடல்மீனின் முள்ளிலிருந்து சதையை அவள் பிரித்தெடுப்பதைப் பார்த்தால், மீன் தானாகச் சட்டையைக் கழற்றிக் கொடுப்பதுபோல் இருக்கும். குளிர்ந்த மீனைத் தொட்டே காலம் போனதில் அவள் விரல்கள் சில நாள் மெழுகுபோல் வெளுத்துவிடும். கையை உதறிவிட்டு, கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, மறுபடி கத்தியை எடுப்பாள்.

கடைசியில் ஊர் ஓட்டெடுப்பில் திறந்தவெளிக் கட்சிதான் ஜெயித்தது. மைதானத்தை வரையும் பொறுப்பு நகராட்சிக் கட்டட அலுவலகத்தில் இருந்த சுன்னிவாவுக்கு வந்தது. சுன்னிவாவும் போர்கிலும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதிகள். பழைய மைதானத்தில் உட்கார இடம் ஏது? பனியை வாரிக் குவித்த மேட்டின்மேல் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று ஆட்டம் பார்த்தவர்கள். ஒருத்தி படித்து வரைபடம் போடப் போனாள், இன்னொருத்தி கத்தி பிடிக்கப் போனாள். சிநேகம் மட்டும் அப்படியே இருந்தது.

சுன்னிவா அந்த வேலையில் உயிரை வைத்தாள் என்றால் மிகையில்லை. காற்று தலைக்குமேல் தாண்டிப் போகட்டும் என்று மைதானத்தைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கினாள். புல்லுக்கு அடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடின. பார்வையாளர் தலைக்குமேல் இருந்த கூரையைப் பின்பக்கமாகச் சரித்து, பனி யார் மேலும் விழாமல் வேலி போட்ட பள்ளத்தில் போய் விழும்படி செய்தாள். "குளிரு மேலேருந்து வராது, கால் வழியாத்தான் ஏறும்" என்று சொல்லி, சிமெண்டுத் தரைமேல் மரப்பலகை பரப்பினாள். காற்று நுழையும் மூலைகளைச் சுவர் வைத்து அடைத்தாள். வடகிழக்கு மூலையை மட்டும் அடைக்கவில்லை.

நம் பக்கத்தில் ஈசானி மூலையை அடைக்காதே என்பார்கள். அவளுக்கு அந்தச் சாத்திரமெல்லாம் தெரியாது. அந்த இடைவெளி வழியாகப் பார்த்தால் கடல் தெரியும், கடலுக்கு அப்பால் ஹெஸ்டன் மலை தெரியும். மலையைப் பார்த்துக்கொண்டே ஆட்டம் பார்த்து வளர்ந்தவள் அவள். அதை மறைக்க மனம் வரவில்லை.

தெற்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் மைதானத்தின் சிறு மாதிரி ஒன்றைச் செய்து, பெரிய விசிறியை ஓடவிட்டு, பனிக்குப் பதில் மெல்லிய மாவைத் தூவிப் பார்த்தார்கள். விசிறி நின்றபோது மைதானம் முழுக்கச் சுத்தமாக இருந்தது. வடகிழக்கு மூலையின் இருக்கைகள்மேல் மட்டும் மாவு குட்டி மலைபோலக் குவிந்திருந்தது. காற்றுக் கணக்குப் பார்க்கும் பொறியாளர் எய்வின் விரலால் அதைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க பாத்தீங்களா? வாடைக்காத்து மொத்தமும் இந்த ஓட்டை வழியா உள்ள பாயுது. இந்த மூலையை அடைச்சாகணும். கெட்டிச் சுவரு வேணாம், அது காத்தைத் தூக்கி அந்தப் பக்கம் அடிக்கும். இடைவெளி விட்ட பலகைத் தட்டி போதும்."

"தட்டி வெச்சா மலை தெரியாதே."

"துண்டு துண்டாத் தெரியும்."

"மலையைத் துண்டு போட்டுப் பாக்கவா ஊரே ஓட்டுப் போட்டுச்சு?" என்றாள் சுன்னிவா. "அந்தக் காத்து வருஷத்துல நாலு நாள் அடிக்குமா? எங்க ஜனங்களுக்குக் குளிரு புதுசா?"

எய்வின் தோளைக் குலுக்கினார். அவர் கணக்குச் சொல்பவர், முடிவெடுப்பவள் அவள். மூலை திறந்தே இருந்தது.

திறப்பு விழாவன்று வெயில் ஹெஸ்டன் மலைமேல் விழுந்தது. பத்திரிகைகளில் அந்தப் படம்தான் வந்தது. மலை தெரியும் மைதானம் என்று நாடெல்லாம் பேச்சு. சுன்னிவா தன் கைக்காசில் இரண்டு நிரந்தர இருக்கைகள் வாங்கி போர்கிலுக்கும் அவள் கணவன் ஒட்வாருக்கும் கொடுத்தாள். வடகிழக்கு மூலையில், மலைக்கு நேர் எதிரே.

"உள்ளதுலயே நல்ல எடம், உனக்குன்னு வெச்சிருந்தேன்" என்றாள்.

போர்கில் அன்று அழுதுவிட்டாள். மறுநாள் ஆலையில் அவள் பீற்றிக்கொண்டதை எங்களால் தாங்க முடியவில்லை. "என் சிநேகிதி கட்டின மைதானம்டா! ராஜா வந்தாக்கூட என் எடத்தைக் கேட்டுட்டுத்தான் உக்காரணும்."

அந்த வருடத்தின் கடைசி ஆட்டம் நவம்பரில் வந்தது. தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். அன்று காலையிலிருந்தே வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. மேற்குப் பக்கம் உட்கார்ந்த நாங்கள் மான் இறைச்சிச் சூப்பைக் குடித்துக்கொண்டு சௌகரியமாகத்தான் இருந்தோம். எதிர் மூலையில் பனிப்பொடி சுழன்று சுழன்று எழும்பியது. அங்கே ஆட்கள் இருக்கிறார்களா என்றே சில நேரம் தெரியவில்லை.

மூலைக்காரர்கள் பெரிய பதாகை ஒன்றைக் கம்பியில் கட்டியிருந்தார்கள். காற்று அதன் முடிச்சை அவிழ்த்துவிட்டது. கையுறையோடு முடிச்சுப் போட வராது. போர்கில் வலது கையுறையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள். அடித்த காற்றில் கையுறை மடியிலிருந்து எழும்பிப் போய்ப் புல்லில் விழுந்தது. ஆட்டக்காரன் ஒருவன் அதைத் தாண்டிக்கொண்டு ஓடினான். மூலை முழுக்கச் சிரித்தது, போர்கிலும் சிரித்தாள். பிறகு வெறுங்கையைக் கோட்டுப் பையில் வைத்துக்கொள்வதும், பதாகை கிழியப் போகும்போதெல்லாம் கையை வெளியே எடுத்துக் கயிற்றைப் பிடிப்பதுமாக ஆட்டம் முடியும்வரை இருந்தாள். நாங்கள் ஜெயித்தோம். கட்டிப்பிடித்து ஆடிய கூத்தில் விரல்கள் மரத்துப்போனதை அவள் கவனிக்கவில்லை. ஏற்கெனவே அடிக்கடி மரத்துப்போகும் விரல்கள்தானே.

வீட்டுக்குப் போய்க் கையைப் பார்த்த ஒட்வார்தான் அவளை மருத்துவமனைக்கு இழுத்துப் போனார். சில வாரம் வைத்துப் பார்த்தார்கள். முடிவில் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனிக் கணுவை எடுக்க வேண்டியதாயிற்று.

சுன்னிவா பார்க்கப் போயிருந்தாள். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். என்ன சொல்வதென்று தெரியாதபோது மனிதர்கள் சொல்லக்கூடாததைச் சொல்லிவிடுகிறார்கள்.

"வடக்குலயே பொறந்து வளந்தவ நீ. அந்தக் குளிருல யாராச்சும் கையுறையைக் கழட்டுவாங்களாடி?"

"கழுதை நான், வேறென்ன" என்றாள் போர்கில். "டாக்டரும் அதையேதான் கேட்டாரு. உன் மைதானத்துக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன், மன்னிச்சுக்கோ."

மன்னிச்சுக்கோ என்று அவள் சொன்னாள். சுன்னிவா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள்.

அதன்பின் சுன்னிவாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அலுவலகத்தில் சுவரில் தொங்கிய மலைப் படத்தைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் திருப்பி வைத்தாள். காற்று அடிக்கும் நாட்களில் வேலைக்கு நடுவே மைதானத்துக்குப் போய், போர்கிலின் இருக்கையில் உட்கார்ந்து, காற்றளவுக் கருவியைத் தூக்கிப் பிடிப்பாள். எய்வின் சொன்ன அளவு அட்சரம் பிசகாமல் அங்கே இருந்தது. தெரியாமல் செய்திருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். தெரிந்து செய்ததற்கு அந்த வழியும் இல்லை.

ஆலையில் போர்கிலை அறுக்கும் மேசையிலிருந்து பெட்டி அடுக்கும் பக்கத்துக்கு மாற்றினார்கள். முதல்நாளே ஒருவன், "ஒன்பதேகால் விரல் வந்துட்டாங்க" என்றான். "அந்தக் காலையும் முழுசா அறுத்து உன் வாயில வெப்பேன்" என்று அவளும் பதிலுக்குக் கொடுத்தாள். எல்லாரும் சிரித்தோம். பெட்டிகளுக்குப் பின்னால் போய் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். தன் புத்திகெட்டதனத்தால் கைத்தொழில் போயிற்று என்று அவள் நம்பினாள். யார் கேட்டாலும் அப்படித்தான் சொன்னாள்.

போர்கில் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வழக்கம்போல் சுன்னிவாவை அழைத்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு நடுவே ஒட்வார் கோப்பையைத் தூக்கினார். "நம்ம அணியைக் காப்பாத்தின கையுறைக்கு!" என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போர்கில் இடது கையால் கோப்பையைத் தூக்கினாள். சுன்னிவா தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள்.

ஜனவரியில் ஒருநாள் மதியம் அவள் திரும்பி வந்தாள். போர்கில் வாஃபிள் என்ற தட்டைப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். சுன்னிவா மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே சொன்னாள். மாவு எங்கே குவிந்தது, எய்வின் என்ன சொன்னார், தான் என்ன பதில் சொன்னாள், எல்லாவற்றையும்.

"தெரிஞ்சா அந்த எடத்தை எனக்குக் குடுத்த?" என்று கேட்டாள் போர்கில்.

"மலை தெரியுதுன்னு குடுத்தேன். காத்தை நெனைச்சுப் பாக்கல. நெனைக்கக் கூடாதுன்னே இருந்துட்டேன்."

வாஃபிள் தீய்ந்து புகைந்தது. போர்கில் அதை எடுக்கவில்லை.

"வெரலு போனதை விடு. உனக்கு ஒரு மலை வேணும்னு இருந்துச்சு, வெச்ச. மனுசங்க செய்யறதுதான். ஆனா நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வந்து, யாராச்சும் கையுறையைக் கழட்டுவாங்களான்னு கேட்டியே. அதுலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் காலையில எழுந்ததும் என்னை நானே செருப்பால அடிச்சிட்டு இருக்கேன்டி. என் புருஷன் சிரிக்கிறான், என் புள்ளைங்க சிரிக்குதுங்க. நான் உன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். நீ தலையாட்டின."

"போர்கில்..."

"இதைச் சொல்லிட்டா உனக்குப் பாரம் இறங்கிடும். எனக்கு எங்க இறங்கும்? கெளம்பு நீ."

சுன்னிவா போய்விட்டாள். சாயங்காலம் ஒட்வார் வேலையிலிருந்து வந்தபோது அடுக்களை முழுக்கப் புகையாக இருந்ததாம். கையுறைக்குக் கோப்பை தூக்கியதற்காக அவர் மனைவியின் காலடியில் உட்கார்ந்து மன்னிப்பு கேட்டாராம்.

அடுத்த நகராட்சிக் கூட்டத்தில், யாரும் கேட்காமலே, சுன்னிவா எழுந்து நின்றாள். வடகிழக்கு மூலையைத் தட்டி வைத்து அடைக்க வேண்டும் என்றாள். கூட்டம் கொதித்தது. "அந்தப் படத்தைப் பாத்துட்டுத்தான் ஊருக்கு ஆளே வருது, அதை மறைக்கச் சொல்றீங்களா?" என்றார் ஓட்டல்காரர் ஒருவர். "ஒரு பொம்பளை கையுறையைக் கழட்டினதுக்கு மலையை மூடணுமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்தப் பொம்பளை மேல தப்பே இல்ல" என்றாள் சுன்னிவா. எல்லார் காதிலும் அது விழுந்தது. "அந்த எடத்துல எப்படிக் காத்தடிக்கும்னு கட்டுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். பொறியாளர் சொன்னாரு, நான்தான் கேக்கல. உங்ககிட்டயும் மறைச்சேன். திறந்தவெளி மைதானம்னா ஜனங்களைக் காத்துக்குக் குடுக்கிறதுன்னு அர்த்தமில்ல. வானம் திறந்திருக்கணும், உக்காந்திருக்கிறவன் பத்திரமா இருக்கணும். நான் வானத்தை மட்டும் பாத்தேன்."

கூட்டத்தில் போர்கில் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் எந்தச் சொல்லும் ஊரைச் சுற்றிவர ஒரு ராத்திரிக்குமேல் ஆகாது. மறுநாள் ஓய்வறையில், ஒன்பதேகால் என்று கேலி செய்தவன் ஒரு காப்பியைக் கொண்டுவந்து போர்கிலின் முன்னால் வைத்துவிட்டுப் போனான்.

சுன்னிவாவைப் பெரிய வேலைகளிலிருந்து விலக்கினார்கள். இந்த ஒரு தட்டியை மட்டும் எய்வினோடு சேர்ந்து முடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். கோடையில் அது எழுந்தது. பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு, நாளடைவில் சாம்பல் நிறமாகும் மரத்தில் செய்த உயரமான தட்டி. காற்று அதில் நுழைந்து பல்லிடுக்கில் சீறுவதுபோல் ஒலி எழுப்பி, வேகம் செத்து விழுந்தது. பனி தட்டிக்கு வெளியேயும் அடியிலுமாகப் படிந்தது. ஊர்க்காரர்கள் அதற்குக் கோழிக்கூண்டு என்று பெயர் வைத்தார்கள்.

போர்கில் அந்த வருடம் ஆட்டத்துக்கே வரமாட்டாள் என்று நினைத்தோம். குளிர் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒட்வாரோடு வந்து, அதே இருக்கையில் உட்கார்ந்தாள். நானும் அன்று மூலைப்பக்கம்தான் இருந்தேன். சுன்னிவா தட்டிக்கருகில் கருவியோடு நின்றவள் அவளைக் கண்டதும் ஒதுங்கப் பார்த்தாள்.

"நில்லு" என்றாள் போர்கில். "காத்து எவ்வளவு?"

சுன்னிவா கருவியைத் திருப்பிக் காட்டினாள். போர்கில் கையுறையோடு அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"மலை போச்சு."

"ஆமா."

"எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. அதுதான் எரிச்சலே."

ஆட்டம் தொடங்கிவிட்டது.

இப்போதெல்லாம் கடையில் பார்த்தால் பேசிக்கொள்கிறார்கள். அணியைப் பற்றி, விலைவாசி பற்றி, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று. கிறிஸ்துமஸ் விருந்துக்கு மறுபடி அழைத்தது ஒட்வார்தான். போர்கில் தடுக்கவில்லை. சுன்னிவா போனாள், பாத்திரம் கழுவும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். வெந்நீரில் போர்கிலின் கை படும்போது வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். போர்கில் துணியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று, கழுவிய தட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்தாள். ஒரு தட்டு அவள் பிடியில் நிற்காமல் வழுக்கியது. சுன்னிவா எட்டிப் பிடித்தாள்.

"பிடிக்காத. விழுந்தா விழட்டும். நானே பழகணும்" என்றாள் போர்கில்.