சீர்த்தட்டில் ஜாமெட்ரி பாக்ஸ்

ஒரு தட்டில் தேங்காய், இன்னொன்றில் வாழைப்பழச் சீப்பு, அடுத்ததில் வெற்றிலை பாக்கும் கல்கண்டும். அதற்கும் அடுத்த தட்டில் நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும். அவற்றின் மேல் பளபளவென்று ஒரு ஜாமெட்ரி பாக்ஸ். வேறு எந்தத் தாய்மாமனாவது தங்கை மகளுக்கு இப்படியொரு சீர் கொண்டுவந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. எனக்கு வந்தது. மேளத்தோடு வந்தது. கொண்டுவந்தவர் உத்தமபாளையத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த ராவுத்தர். அதற்கு முந்தின வாரம் வரைக்கும் அவர் எனக்கு மாமாவும் இல்லை, அம்மாவுக்கு அண்ணனும் இல்லை.

எங்களுக்குக் கோம்பைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமென்றால் உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏற வேண்டும். இல்லையென்றால் விடியற்காலையில் வரும் ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போக வேண்டும். என்னோடு படித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஜீப்தான் வாய்த்தது. நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். ராவுத்தர் குத்தகைக்கு எடுத்த தோப்புகளில் அம்மா வாழைத்தார் சுமந்துகொண்டிருந்தாள். அந்தக் கூலியில் அடுப்பு எரியும். பீஸும் உடுப்பும் பஸ் செலவும் கட்டுப்படியாகாது. அந்த ஜூன் மாதத்திலிருந்து வருவேன் என்று எனக்கும் ஜீப்பில் இடம் சொல்லிவைத்தாயிற்று. நான் சோறு தின்னாமல் அடம்பிடித்துப் பார்த்தேன். அம்மா சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு ராவுத்தர் செலவு செய்வது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். என்னைப் பற்றி யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். மண்டி ஆள் ஒருவரிடம் துணிமணியும் நோட்டுகளும் பையில் போட்டுக் கொடுத்தனுப்பினார். அம்மா அந்த ஆளுக்குக் கடுங்காப்பி கொடுத்து, பையையும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள். “செஞ்ச வேலைக்குக் கூலி வாங்கியாச்சு. அதுக்கு மேல எதுக்குன்னு மொதலாளிகிட்டச் சொல்லிருங்க” என்றாள். பை தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மாவைக் கடித்தே தின்றிருப்பேன்.

மறுநாள் அவரே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, தோளில் துண்டு. வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, “என்னாத்தா, நான் குடுத்தா வாங்க மாட்டியா?” என்றார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்: “நீங்க எனக்கு என்ன முறைன்னு நான் வாங்குறது?”

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு விளையாட்டாகப் பதில் சொல்லக் கூடாது. ராவுத்தர் வியாபாரி, ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டார். “அண்ணன் முறைன்னு வச்சுக்கயேன்.”

அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண் என்று யாரும் கிடையாது. அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: “அண்ணன்னா பையில போட்டு ஆள்கிட்டக் குடுத்துவிட மாட்டாக. தட்டு வச்சு, மேளம் வச்சு, ஊரு பாக்கக் கொண்டு வருவாக.”

நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இனி பையும் வராது, ஆளும் வரமாட்டார், அம்மாவுக்குத் தோப்பு வேலையும் போய்விடும் என்று நினைத்தேன். ராவுத்தர் துண்டை எடுத்து முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டார். “சரித்தா” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் நாள் எங்கள் தெருவில் மேளச் சத்தம் கேட்டது. முன்னால் ராவுத்தர், பக்கத்தில் அவர் சம்சாரம், பின்னால் தட்டுத் தூக்கிக்கொண்டு மண்டி ஆட்கள். ஒரு முகூர்த்தமும் இல்லாத நாளில் என்ன மேளம் என்று ஊரே வாசலுக்கு வந்துவிட்டது. அம்மா தட்டுகளை ஒரு நோட்டம் விட்டாள். “அண்ணே, சீர்த்தட்டு ஒத்தப்படையில இருக்கணும்ல.” வெயிலில் வேர்த்து விறுவிறுத்து நின்ற மனிதர், கையில் மடக்கி வைத்திருந்த குடையை ஒரு காலித் தட்டில் வைத்து நீட்டினார். “இந்தா, மழைக்கு ஆகும். கணக்குச் சரியாப் போச்சா?” அம்மா சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். மறுநாள் ஜீப்பும் வந்தது. நான் நீலப் பாவாடையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

ராவுத்தர் வசமாக மாட்டிக்கொண்டார். அவர் படிக்க வைத்த மற்றப் பிள்ளைகளின் தாய்மார்களும், “எங்களுக்கு மட்டும் பையா?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதன்பிறகு வருஷாவருஷம் ஜூன் மாதம் தெருத் தெருவாகச் சீர் போனது. மேளக்காரருக்குக் கொண்டாட்டம். மாமி மட்டும், “ஒரு நாத்தனாதான்னு நெனச்சேன், ஊருக்கு ஒன்னு கெளம்புது” என்று அலுத்துக்கொள்வார்; மஞ்சள் துணியில் கல்கண்டு முடிவதும் அவர்தான். தாய்மாமன் இல்லாமல் தள்ளிப்போயிருந்த என் காதுகுத்தில் மாமா மடியில்தான் உட்கார்ந்தேன். சடங்குக்கும் இரண்டு பேரும் வந்தார்கள், கல்யாணத்துக்கும் வந்தார்கள். மாமா என்னிடம் மார்க் கேட்டதே இல்லை. “ஒழுங்காச் சாப்பிடுறியா?” என்று கேட்பார், அவ்வளவுதான்.

இப்போது நான் தேனியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன்; அம்மாவும் என்னோடுதான். போன மாதம் மாமாவின் கடைசி மகளுக்கு உத்தமபாளையத்தில் கல்யாணம். அம்மா பட்டுச்சேலையும் வெள்ளிக் கொலுசும் வாங்கித் தட்டில் வைத்தாள். முதல் நாளில் இருந்தே அவளுக்கு உதறல். அவருடைய சொந்தக்காரர்கள் பெரிய பெரிய ஆட்கள். அங்கே போய் அத்தை என்று எப்படி நிற்பது? அண்ணன் என்று அவர் சொன்னது அன்றைக்கு என் படிப்புக்காகச் சொன்ன வார்த்தைதானே என்று அவளுக்குள் ஒரு பயம் இருந்திருக்கிறது. “பின்வாசல் வழியாப் போயி மாமிகிட்டக் குடுத்துட்டு வந்துருவோம்டி” என்றாள். போதாக்குறைக்கு வீரபாண்டியில் பஸ் பழுதாகி நின்று, நாங்கள் போய்ச் சேரும்போது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது.

மண்டபத்தில் நிக்காஹ் முடிந்திருந்தது. பந்தியில் இலை போட்டிருந்தது. ஒருவர் இலையிலும் சோறு இல்லை. எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பின்பக்கம் திரும்புவதற்குள் ஒரு பெரியவர் எழுந்து வந்து அம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

“கோம்பைப் பக்கத்து அத்தை நீதானாத்தா?”

“ஆமாங்கய்யா.”

“வா தாயி, வா. பொண்ணோட அத்தை வராமப் பந்தி கெடையாதுன்னுட்டான். பசி உசுரு போகுது.”

மண்டபமே சிரித்தது. அதற்குள் மாமா வேகமாக வந்து அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். பஸ்ஸைப் பற்றி அம்மா எதையோ சொல்ல வந்தாள், அழுகைதான் வந்தது. மாமி அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பிரியாணி முதலில் அம்மா இலைக்கு வந்தது.

கிளம்பும்போது அம்மா மாமாவிடம் போய், ஒரு பிசிறும் இல்லாத குரலில் சொன்னாள்: “எல்லாம் சரிதாண்ணே. பிரியாணியில உப்புத்தான் ஒரு கல்லு கம்மி.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் வீட்டுச் சாப்பாட்டிலும் ஒரு குறை சொல்லாதவள் அவள். மாமா சமையல்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “ஏலே, உப்பு கம்மியாம்ல. எந்தங்கச்சி சொல்றா.” அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். ஏம்மா அப்படிச் சொன்ன, நல்லாத்தான இருந்துச்சு என்றேன்.

“உப்பெல்லாம் சரியாத்தான்டி இருந்துச்சு” என்றாள். “அத்தைன்னு போயிட்டு ஒரு கொறை சொல்லாம வந்தா, அண்ணன் மனசு சங்கடப்படும்ல.”