இரண்டாவது கோப்பைக் கூழ்

மற்றவர்கள் பசிக்குச் சாப்பிடுகிறார்கள். நான் பிழைப்புக்காக மற்றவர்களைச் சாப்பிட வைக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகளைச் சின்னச் சின்னக் குழுவாகக் கொழும்பின் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் கூட்டிக்கொண்டுபோய், நம்முடைய சாப்பாட்டைக் கடை கடையாகக் காட்டுவது என் தொழில். இதைத் தொழில் என்று என் மனைவி இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

வாசகர்களில் பாதிப் பேராவது இந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்திருப்பீர்கள். கனடாவிலிருந்து வந்த மச்சாளின் புருஷனோடு காலி வீதி வெயிலில் நடந்து, இது உறைக்குமா, இதற்குள் என்ன இருக்கிறது, இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக் களைத்தவர்களுக்கு என் பாடு தானாகவே விளங்கும்.

கடித்து வைத்த தட்டு

வெள்ளவத்தைச் சைவக் கடைகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கேட்காமலே வடை, போண்டா, ரோல்ஸ், சூசியம் எல்லாம் அடுக்கிய தட்டு ஒன்று மேசைக்கு வரும். வேண்டியதை எடுத்துச் சாப்பிடலாம். எடுத்ததற்கு மட்டும் காசு; தொடாதது திரும்பிப் போய் அடுத்த மேசையில் உட்காரும். இது நமக்கு அவ்வளவு பழகிப் போனதால், இதைப் போய் ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றுவதே இல்லை.

நியூசிலாந்திலிருந்து தனியாக வந்த ஒரு அம்மாவை மேசையில் இருத்திவிட்டு நான் கை கழுவப் போனேன். அவரோ புதிய சாப்பாடு எல்லாவற்றையும் ருசி பார்ப்பதற்காகவே இத்தனை கடல் தாண்டி வந்தவர். தட்டு வந்ததும் ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்து, மிச்சத்தை எடுத்த இடத்திலேயே, எடுத்த ஒழுங்கிலேயே திரும்ப வைத்துவிட்டார். கடித்த பக்கம் உள்ளே பார்க்கும்படி வைத்ததில் அவருடைய நாகரிகம் தெரிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய் அடுத்த மேசையில் வைக்கப் போன பரிமாறுகிற முருகேசு, ஹட்டன்காரர், பாதி வழியில் நின்று தட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு திரும்பி வந்து, அந்த அம்மாவுக்குக் கேட்காமல், கை கழுவிவிட்டு வந்த என் காதில் சொன்னார்:

"அம்மா எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டு வச்சிருக்காங்கண்ணே."

பிலோமினா அக்காவின் சட்டம்

என் தொழிலின் உயிர்நாடி வெள்ளவத்தையில் இல்லை, கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. ஒரு குறுகிய ஒழுங்கைக்குள், வீட்டு முன்னறையில் இரண்டு மேசை போட்டுப் பிலோமினா அக்கா சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். யாழ்ப்பாணத்துப் பாசையூரிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர். வெள்ளிக்கிழமை வேதக்காரரான கத்தோலிக்கர் இறைச்சி தொடாத நாள் என்பதால் அன்றைக்கு அவர் வீட்டில் ஒடியல் கூழ். நண்டு, இறால், மீன் தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒன்றாகக் கொதித்து, பனங்கிழங்கு மாவில் தடித்து, செத்தல் மிளகாய்ச் சிவப்போடு பெரிய பானையில் இருக்கும். கோப்பையில் ஊற்றி, மடித்த பிலாவிலையால் அள்ளிக் குடிக்க வேண்டும். வந்தவர்கள் ஊருக்குத் திரும்பி இணையத்தில் எழுதுவது அந்தக் கூழைப் பற்றித்தான். வடையைப் பார்த்து யாரும் என்னைத் தேடி வருவதில்லை.

நான் சைவக்காரன், வெள்ளிக்கிழமை மீனோ இறைச்சியோ, மச்சம் எதையும் தொடமாட்டேன். ஆகவே விருந்தினர் கூழ் குடிக்கும்போது பக்கத்தில் பாலில்லாத வெறுந்தேத்தண்ணியோடு இருப்பேன். நல்லாயிருக்குமா என்று அவர்கள் கேட்டால், கொழும்பிலேயே இதற்கு நிகரில்லை என்று கொஞ்சமும் தயங்காமல் சொல்வேன்.

அக்காவிடம் ஒரு சட்டம் இருந்தது. புகழ்ச்சி அவரிடம் செல்லாது. வெறுங்கோப்பையை மறுபடி நீட்டுவது ஒன்றுதான் செல்லும். என்னோடு வந்த ஒருவர்கூட இதுவரை நீட்டியதில்லை. வியர்த்து, மூக்கை உறிஞ்சி, படம் எடுத்து, ஆகா என்று சொல்லிவிட்டுப் பாதிக் கோப்பையோடு எழும்பிவிடுவார்கள். அந்த நேரம் துறைமுகத்தில் வேலை செய்கிற அக்காவின் பழைய ஆட்கள் இடமில்லாமல் ஒழுங்கையில் நின்றுகொண்டிருப்பார்கள். தவக்காலம் தொடங்கிய கிழமை அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெரிய வெள்ளிக்கு முன்னால் ஒருவராவது இரண்டாந்தரம் கேட்காவிட்டால் இனி ஒருவரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டாம் என்றார். உறைப்பைக் கொஞ்சம் குறைத்தால் கேட்பார்களே என்று இழுத்துப் பார்த்தேன். அக்கா அகப்பையைப் பானைக்குள் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லாயிருக்கு எண்டு சொல்லிப்போட்டு மிச்சம் வைக்கிற ஆக்களை நான் நம்பமாட்டன், தம்பி."

ஆறிய கூழ்

அடுத்த வெள்ளிக்கு எனக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் கிடைத்தார். சமையல் தெரிந்தவர், மீன் சூப்பில் ஊறி வளர்ந்தவர். வழியெல்லாம் கடல் உணவைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார். இவர் ஒரு கோப்பையோடு நிற்க மாட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

அவர் முதலில் கோப்பையை மூக்குக்குக் கிட்டப் பிடித்துக் கண்ணை மூடினார். பிறகு நண்டுக்காலை வெளியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பலாக்கொட்டை ஒன்றை இரண்டாகப் பிளந்து மணந்தார். புளி எந்தக் கட்டத்தில் சேர்ந்தது, மாவை முதல்நாளே ஊற வைத்தீர்களா என்று அக்காவிடம் ஒவ்வொன்றாக என் மூலம் கேட்டார். ஒடியல் கூழுக்குப் பொறுமை கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே, ஆறினால் களியாகிவிடும். அவர் கடைசியாக இலையைக் கோப்பைக்குள் விட்டபோது இலை அப்படியே நட்டுக்கொண்டு நின்றது. அக்கா சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் விசாரித்தார்:

"இவர் கூழ் குடிக்க வந்தவரோ, கூழுக்கு வைத்தியம் பாக்க வந்தவரோ?"

வெள்ளிக்கிழமைக்காரர்

வெள்ளைக்காரரை நம்பியது போதும் என்று முடிவு செய்தேன். அதற்கேற்றபடி ரொறன்ரோவில் பிறந்த நம்முடைய பெண் ஒருத்தி விடுமுறைக்கு வந்து என்னோடு நடக்கப் பெயர் கொடுத்திருந்தாள். தேவகி என்று பெயர். தாய் தகப்பன் பிறந்த நாட்டுச் சாப்பாட்டை முறையாகச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று வந்தவள், வல்வெட்டித்துறைத் தமிழை என்னைவிடச் சுத்தமாகக் கதைத்தாள். உறைப்பைப் பற்றிக் கேட்டேன். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சோறு சாப்பிடுவாளாம். கையில் வந்த அதிர்ஷ்டம் என்று, முச்சக்கர வண்டி பிடித்து நேராகக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனேன்.

அக்காவும் அவளுடைய தமிழைக் கேட்டுக் குளிர்ந்து போனார். பெரிய நண்டாகப் பார்த்துக் கோப்பையில் விட்டு, முன்னால் வைத்தார். தேவகி கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை அல்லவா, தான் மச்சம் சாப்பிடுவதில்லையே என்று மெல்லச் சொன்னாள். ரொறன்ரோவில் பனியிலும் அவள் விடாத விரதம் அது. வெள்ளிதோறும் அதே மேசையில் வெறுந்தேத்தண்ணியோடு இருக்கிற எனக்கு, விருந்தினருக்கும் வெள்ளிக்கிழமை உண்டு என்ற யோசனையே வரவில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அக்கா கோபிக்கவில்லை. கோப்பையை எடுத்து ஒழுங்கையில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு இரண்டு கதலி வாழைப்பழமும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு வெள்ளிக்கிழமைக்காரர் இருக்கிறது காணாதெண்டு இன்னொராளையும் கூட்டிக்கொண்டு வந்திட்டீரோ?"

மூடாத கோப்பை

பெரிய வெள்ளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை வந்தது. எனக்கு வாய்த்தவர் டீட்டர் என்ற ஜெர்மன்காரர். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேரும்வரை வாய் திறக்கவில்லை. இடியப்பத்துக்கும் ஒரு தலையாட்டு, வட்டிலப்பத்துக்கும் அதே தலையாட்டு. இவரை நம்பி ஒன்றும் ஆகாது என்று நான் மனதுக்குள் கூழுக்கு விடை கொடுத்துவிட்டேன். கூழில்லாத சுற்றுக்கு இனி யார் வருவார்கள், மனைவி சொன்னபடி நாலு பேரைப் போல மேசைக்கு முன்னால் இருக்கிற ஒரு கந்தோர் வேலை பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன்.

டீட்டர் முதல் கோப்பையை வழித்துக் குடித்து வைத்தார். அக்கா விரைந்து வந்து நிரப்பினார். அதுவும் போனது, நிரப்பினார். நண்டு ஓடெல்லாம் அவர் முன்னால் குவிந்தது. துறைமுகத்து ஆட்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. நாலாவது கோப்பை பாதியில் நிற்க, தக்காளியாய்ச் சிவந்த முகத்தோடு டீட்டர் என் பக்கம் சாய்ந்து இரகசியமாகக் கேட்டார். தட்டில் மிச்சம் வைப்பது சமைத்தவரை அவமதிப்பது என்று தன்னை வளர்த்திருக்கிறார்களாம், அதனால் எப்படியும் முடித்துவிடுவாராம், ஆனால் இந்த நாட்டில் ஊற்றுவதை எப்போது நிறுத்துவார்கள்?

அப்போதுதான் எனக்கு விசயம் பிடிபட்டது. வெறுங்கோப்பை அவருக்கு மரியாதை, அக்காவுக்கு அழைப்பு. கோப்பையைக் கையால் மூடி, போதும் என்பதற்கு 'காணும்' என்று ஒரு சொல் சொன்னால் சரி. ஒருவருக்கும் தேவைப்படாது என்று அந்தப் பாடத்தை நான் நடத்தாமல் விட்டுவிட்டேன். சொன்னால் அவர் ஆசைப்பட்டுக் கேட்கவில்லை என்பது வெளியில் வந்துவிடும், சொல்லாவிட்டால் அந்த மனிதர் முடிந்துவிடுவார். அவருடைய கழுத்தில் ஓடிய வியர்வையைப் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தேன். டீட்டர் கடைசி மிடறையும் முடித்து, இரண்டு கையாலும் கோப்பையை மூடி, "காணும்" என்றார். அக்கா சிரித்தார், எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

கை கழுவுகிற இடத்தில் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனேன். நான் தொடங்குவதற்கு முன்னமே அக்கா அகப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"மூண்டாவதோட அந்த மனுசனுக்குக் காணும் எண்டு எனக்கு விளங்கீட்டுது, தம்பி, ஊத்திற கைக்கும் ஒரு ஆசை இருக்குந்தானே."

புதன்கிழமை

தவக்காலம் முடிந்ததும் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். டீட்டரைக் கணக்கில் எடுப்பாரா மாட்டாரா என்று நான் இரண்டு கிழமையாகத் தவித்துக்கொண்டிருந்தேன். அக்கா அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. வாற வெள்ளி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரலாம், ஆனால் அதற்கு முதல் நான் மட்டும் ஒருதரம் வர வேண்டும் என்றார். கூழைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிகிற ஆள் ஒருநாளும் வாயில் வைக்காததை அவர் இத்தனை காலமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"புதன்கிழமை காய்ச்சிறன், தனிய வாரும், புதனும் விரதம் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேயும்."

போனேன். பானை கொதித்தது, வாசல் கதவு சாத்தியிருந்தது, வேறு ஒருவரும் இல்லை. கொழும்பிலேயே நிகரில்லை என்று நான் சொல்லி வந்தது பொய்யில்லை. மனம் நிறைந்து குடித்தேன். நல்லாயிருக்கு அக்கா என்றேன். அக்கா அகப்பையைப் பிடித்தபடி என் கோப்பையையே பார்த்தார்.

நாக்குப் பற்றியெரிய, மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிய, மனதாரத்தான் இரண்டாவது கோப்பைக்குக் கையை நீட்டினேன் என்றாலும், என்னுடைய விருந்தினர் யாரும் ஏன் நீட்டவில்லை என்பது அந்த நிமிசத்தில்தான் எனக்கு முழுசாக விளங்கியது.