உடுன்னு சொன்னா எம் பந்து

அந்தப் பந்தா? அத ஏன் மாதா படத்துக்குப் பக்கத்துல வெச்சிருக்கேன்னு நீயும் கேட்டுட்டியா. உன் மாமியாரும் கேட்டாங்க, பால்காரனும் கேட்டான். பேரன் தெருவுல கிரிக்கெட் ஆட எடுத்துட்டுப் போயிட்டான், பின்னாலயே ஓடிப் புடுங்கிட்டு வந்தேன். இது கிரிக்கெட் பந்து இல்லம்மா. கையில வாங்கிப் பாரு. வெள்ளத் தோலு, செவப்பு நூல்ல தையல். பேஸ்பால்னு பேரு. டீ ஆறுது, குடி. நேத்து வாசல்ல ஒரு காரு நின்னுச்சே, பாத்தியா? அந்த டிரைவர் தம்பி போன்ல ஒண்ணு காட்டுனாரு. அதப் பாத்ததுல இருந்து எனக்குத் தலகால் புரியல. அதச் சொல்லத்தான் உன்னக் கூப்புட்டேன். ஆனா மொதல்ல இருந்து சொன்னாத்தான் வெளங்கும்.

நீ கல்யாணமாயி இந்தத் தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடி நான் சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனி கெஸ்ட் ஹவுஸ்ல சமையலுக்கு இருந்தேன். மிஷினு கூடவே ஜப்பான்ல இருந்து ஆளுங்களும் வருவாங்க. அப்படி வந்தவருதான் ஜப்பான் சார். நாப்பது தாண்டின ஆளு, கதவு நெறைய தோளு, பேச்சு மட்டும் பூனக்குட்டி மாதிரி. என் ரசத்தக் குடிச்சுட்டு கண்ணுல தண்ணி ஊத்தும், அப்பவும் கையெடுத்துக் கும்புட்டுட்டுத்தான் எந்திரிப்பாரு. என்ன அம்மாசான்னு கூப்புடுவாரு. நாம ‘ங்க’ போடற மாதிரி அவங்க யாருக்கும் ‘சான்’ போடுவாங்களாம். கேட்டுல படுத்திருந்த நாயிக்குக்கூட சான் போட்டாருன்னு, அப்ப கம்பெனி காரு ஓட்டுன இதே டிரைவர் தம்பி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. தம்பி ஆனேக்கல்காரரு. எங்கிட்ட தமிழு, வாச்மேன் அண்ணங்கிட்ட தெலுங்கு, வீட்டுக்குப் போன் போட்டா கன்னடம், சாருகிட்ட இங்கிலீசு. சாருக்கும் எனக்கும் நடுவுல அவருதான் பாலம்.

அந்த சாரு அவங்க ஊர்ல பந்து போடறதுக்கே சம்பளம் வாங்குனவரும்மா. நெசமாத்தான். பள்ளிக்கூடத்துலயே மொட்ட அடிச்சுக்கிட்டுத்தான் ஆடணுமாம். எந்த சாமிக்கு வேண்டுதல்னு கேக்கச் சொன்னேன். சாமிக்கு இல்ல, பந்துக்குத்தான்னாரு. அப்புறம் பெரிய டீம்ல எடுத்துக்கிட்டாங்க. மண்ணக் குமிச்சு மேடு போட்டிருப்பாங்களாம், இவரு அதுமேல ஏறுனா ஜனம் கொட்டடிக்குமாம். எதிர்ல ஒருத்தர் உருட்டுக்கட்டையத் தூக்கிட்டு நிப்பாரு, அவருக்குப் பின்னால ஒருத்தர் மூஞ்சிக்குக் கம்பிக்கூண்டு மாட்டிக்கிட்டு குந்தியிருப்பாரு. இவரு வீசணும், கட்டைக்காரர் அடிக்கணும், அடிக்காம உட்டா குந்தியிருக்கறவர் புடிக்கணும். எனக்குப் புரிஞ்சது அவ்ளோதான். வெயிலு மழ பாக்காம வருசக்கணக்கா அதான் அவருக்கு உத்தியோகம். அது முடிஞ்சப்பறம்தான் இந்தக் கம்பெனி சேத்துக்கிச்சு.

சாயங்காலம் வேலைக்குப் போயிட்டு வந்ததும் பின்பக்கம் காம்பவுண்டு செவுத்துமேல பந்தப் போட்டுப் போட்டுப் புடிப்பாரு. ஒருநாளு வாச்மேன் அண்ணன் ஆசப்பட்டு செவுத்துக்கு முன்னால போயி நின்னாரு, எனக்குப் போடுங்க சார்னு. சாரு கையத் தூக்குனாரு. தூக்குன கை அப்படியே நின்னுடுச்சு. மெதுவா எறக்கி, தோளத் தடவிக்கிட்டு உள்ள போனவரு அன்னிக்கு சோறு திங்கல. ஞாயித்துக்கிழம ஓசூர்ல இருந்தும் பெங்களூர்ல இருந்தும் அவங்க ஊருக்காரங்க மேட்ச் ஆட வாங்கன்னு கூப்புட வந்தாங்க. அப்பவும் தோளத்தான் தடவுனாரு. குனிஞ்சு கும்புட்டு அனுப்பிட்டாரு.

நாங்க என்ன நெனைப்போம்? சுளுக்குன்னுதான் நெனச்சோம். தவிட்டையும் உப்பையும் வறுத்து, துணியில கட்டி ஒத்தடம் குடுத்தேன். வெளக்கெண்ண தேச்சேன். வாச்மேன் அண்ணன் ராயக்கோட்டையில இருந்து சுளுக்கெடுக்கறவரக் கூட்டிட்டு வந்துட்டாரு. அந்த ஆளு தோளுல முட்டியக் குடுத்து ஒரு இழு இழுத்தாரு பாரு, சாரு ஜப்பான் பாஷையில கத்துனது எனக்கே புரிஞ்சுது. எல்லாத்துக்கும் பச்சப்புள்ள மாதிரி குந்தியிருந்தவரு, அந்த ஆளு போனப்பறம் தம்பிகிட்ட மெதுவா சொன்னாரு. தோளுல ஒண்ணுமே இல்லயாம். நாங்க இவ்ளோ அக்கறையா செய்யறப்ப வேணாம்னு சொல்ல மனசு வரலயாம்.

அப்புறம்தான் மீதியச் சொன்னாரு. ஒரு மேட்ச்சுல இவரு போட்ட பந்து கைதப்பி கட்டைக்காரர் மூஞ்சியில பட்டுடுச்சு. ஒரு கண்ணு போயிடுச்சு. அவரும் வேத்து ஆளு இல்ல, இவருகூட ஒரே பள்ளிக்கூடத்துல மொட்ட அடிச்சுக்கிட்டு ஆடுன சிநேகிதரு. அதுல இருந்து எதிர்ல ஆள் நின்னா இவருக்குக் கை வரல. போட்ட பந்தெல்லாம் எங்கயோ போச்சு, டீம்ல இருந்து எடுத்துட்டாங்க. சிநேகிதரப் பாக்கப் போனீங்களான்னு கேட்டேன். இல்லன்னு தலயாட்டுனாரு. ஊருக்குப் போனா அந்தத் தெரு வழியா நடக்கவே மாட்டாராம்.

நான் உள்ள போயி பாத்திரம் தேச்சுக்கிட்டே இருந்தேன். எங்க வீட்டுக்காரரு ஞாபகமாவே இருந்துச்சு. கல்யாணமான புதுசுல கிருஷ்ணகிரித் தோப்புங்கள்ள மாங்கா எறக்கப் போவோம். அவரு மரத்து மேல, நான் கீழ சாக்க விரிச்சுக்கிட்டு. காய் மண்ணுல விழுந்தா அடிபட்டு அழுகிடும், அதனால கீழ நிக்கறவ சாக்குலயே வாங்கணும். மேல இருக்கறவங்களுக்கு எலதான் தெரியும், கீழ யாரு எங்க நிக்கறாங்கன்னு தெரியாது. அதுக்குத்தான் ஒரு வழக்கம். கீழ இருக்கறவ சரியா நின்னு ‘உடு’ன்னு கொரலு குடுத்தாத்தான் காய் கைய விட்டு வரும். உடுன்னு சொல்லிட்டா அப்புறம் அது அவ காய். நசுங்குனாலும் அவளத்தான் கேப்பாங்க. அவ மண்டையிலயே விழுந்தாலும் மேல இருக்கறவர ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க.

எனக்குத்தான் வாயி சும்மா இருக்காதே. ஒருநாளு உடுன்னு சொல்லிட்டு, பக்கத்து மரத்துக்காரிகிட்ட அவ நாத்தனா சீர்வரிச கதையக் கேக்கத் திரும்பிட்டேன். பெங்களூரா ரக மாங்கா, கல்லு மாதிரி. வாயில வந்து விழுந்து முன்பல்லு போச்சு. இதோ பாரு, இந்த ஓட்ட அதான். அவரு குதிச்சு எறங்கி வந்து அழறாரு. எங்க மாமியா எப்பவும் என்னத்தான் அதட்டுவாங்க. அன்னிக்கு மகன அதட்டுனாங்க. “அவதான உடுன்னா? நீ ஏண்டா அழற? போயி மரத்துல ஏறு.” ஏறுனாரு. ஏறி, காயக் கையில வெச்சுக்கிட்டு போட மாட்டேங்கறாரு. மரமே நடுங்குது. நான் வாயில துணிய அமுக்கிக்கிட்டு, சாக்க விரிச்சு, பொக்கப் பல்லோட ‘உடு’ன்னேன். போட்டாரு. அன்னிக்கு அந்த ஒரு காயப் போடாம எறங்கியிருந்தார்னா அப்புறம் மரமே ஏறியிருக்க மாட்டாரு. போயிச் சேந்துட்டாரு மனுசன், ஆனா அந்த நடுக்கம் எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது.

மறுநாளு சாயங்காலம் அரிசி சாக்கு ஒண்ண ஒதறி எடுத்துக்கிட்டு செவுத்துக்கு முன்னால போயி நின்னேன். சாரு வேணாம் வேணாம்னு கை ஆட்டுறாரு. வாயத் தொறந்து பல்லு ஓட்டயக் காட்டி, தோப்புக் கதையெல்லாம் சொன்னேன். தம்பி அத இங்கிலீசுல மாத்தறதுக்குள்ள வேர்த்துட்டாரு. கடைசியா சொன்னேன். “கட்டையத் தூக்கிட்டு எதிர்ல வந்து நின்னவரும் உடுன்னு சொன்னவருதான் சார். நான் உடுன்னு சொன்னா அது எம் பந்து. உங்க பந்து இல்ல.” சாரு பந்த விரலுக்குள்ள உருட்டி உருட்டிப் பாத்தாரு. அப்புறம் கையத் தூக்குனாரு. கை நின்னுச்சு, நடுங்குச்சு, எங்க வீட்டுக்காரரு கை மாதிரியே. நான் காலு ரெண்டையும் அகட்டி நின்னு ‘உடு’ன்னேன். கொழந்தைக்குப் போடற மாதிரி மெதுவா வந்துச்சு. சாக்குல வாங்கி இடுப்போட அணைச்சுக்கிட்டேன். சாரு அப்படியே தரையில குந்திட்டாரு. சிரிக்கறாரா அழறாரான்னு எனக்குத் தெரியல.

அப்புறம் தெனமும் அதான். ரசம் கொதிக்க வெச்சுட்டு சாக்க எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். நாளாவ நாளாவ பந்து வேகமா வந்துச்சு. கை எரியும், ஆனா உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். தோப்ப விட்டு வந்தப்பறம் யாரும் எனக்கு எதையும் போடலயே. ஒரு ஞாயித்துக்கிழம சாரு மேட்ச்சுக்கே போனாரு, கர்நாடகா பக்கம் ஒரு மைதானம். எலுமிச்ச சோறு கட்டிக்கிட்டு நானும் போனேன். மேட்டுல ஏறி நின்னாரு, கட்டைக்காரர் எதிர்ல. கை தூக்குனவரு நின்னுட்டாரு. சாரு தலயத் திருப்பி நான் இருக்கற பக்கம் பாக்கறாரு. முந்தானைய இடுப்புல சொருவிக்கிட்டு எந்திரிச்சு நின்னேன். “உடு சார்.” மைதானமே என்னத் திரும்பிப் பாத்துச்சு. பந்து போச்சு பாரு, கண்ணுக்கே தெரியல. கூண்டுக்காரர் கையில படார்னு சத்தம் மட்டும் கேட்டுச்சு. அன்னிக்கு யாரு ஜெயிச்சாங்கன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஊருக்குக் கெளம்பறப்ப இந்தப் பந்தக் குடுத்து குனிஞ்சு கும்புட்டாரு. நானும் குனிஞ்சேன், ரெண்டு பேரு தலையும் முட்டிக்கிச்சு. சிநேகிதரப் போயிப் பாப்பீங்களான்னு தம்பிய விட்டுக் கேட்டேன். பந்தத்தான் பாத்தாரு. அதுக்கப்பறம் ஒரு சேதியும் இல்ல. மாதாகிட்ட மட்டும் சொல்லி வெச்சிருந்தேன், அந்தாளு அந்தத் தெரு வழியா நடக்கணும்னு.

நேத்து தம்பி போன்ல காட்டுனது சாரு அனுப்புன வீடியோம்மா. ஒரு ஆத்தங்கர, பச்சப்பசேல்னு புல்லு. சாரு நிக்கறாரு, தல நரச்சுப் போச்சு. எதிர்ல ஒருத்தர் கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, கையில தோல் உறையோட நிக்கறாரு. சாரு கையத் தூக்கறாரு. கை நிக்குது. கண்ணாடிக்காரர் சிரிச்சுக்கிட்டே வாயக் கோணி, நாக்கப் பொரட்டி ஒரு வார்த்த சொல்றாரு. தமிழ்ல சொல்றாரும்மா. ‘உடு’ன்னு. பந்து மெதுவாப் போயி அவரு கையில உக்காந்துச்சு.

குடு, குடு அந்தப் பந்த, மாதாகிட்டயே வெச்சுடறேன். என்னா அது கொரலு? மழ வந்துடுச்சா? மருமக மாடியில காயப்போட்ட துணிய எல்லாம் மூட்ட கட்டி, கீழ போடட்டுமான்னு கேக்கறா பாரு. இருடி, வாசல்ல சேறு, நான் சொல்லாம போட்றாத. நீ கொஞ்சம் நவுந்துக்கம்மா. வந்துட்டேன், நின்னுட்டேன். ம், உடு.