விழுப்புரம் ஸ்டாண்ட் பலகை

யாரையாவது அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால், மலர்விழிக்கு அப்புறம் அவர்மேல் சந்தேகமே வராது. அந்தக் குணம்தான் அவளைக் கவிழ்த்தது.

2015இல் அவள் திண்டிவனத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தாள். டிப்ளமோ முடித்தவள். பஸ் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று அப்போது நம் பக்கத்துப் பிள்ளைகளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அதில் வெளிநாட்டு பஸ்தான் வரும். நம்மூர் பஸ்ஸையும் ஸ்டாண்டையும் ரசிகர்களே செய்து சேர்ப்பார்கள்; அதை மாட் என்பார்கள். மலர்விழியின் மாட் யாரும் செய்யாதது. விளையாட்டுக்குள் இருக்கும் விழுப்புரம் ஸ்டாண்ட் பலகையில், நிஜ விழுப்புரத்தில் இப்போது எந்த பஸ் நிற்கிறது, எது கிளம்பியது என்று ஓடும்.

ஸ்டாண்டுக்குப் போகிற பஸ் பைத்தியங்கள் போனில் தட்டிவிடும் தகவல், அவள் வாடகைக்கு எடுத்த சர்வருக்கு வரும். அதுவரை சுலபம். விளையாட்டோ பிடிவாதக்காரி; இன்டர்நெட்டை எட்டிக்கூடப் பார்க்காது, தன் ஃபோல்டரில் கிடக்கும் ஃபைலை மட்டுமே படிக்கும். ஆகவே சர்வரிலிருந்து தகவலை எடுத்து அந்த ஃபைலில் எழுதிவைக்க, தனியாக ஒரு சின்ன புரோகிராம் செய்தாள். அது எழுதி முடிப்பதற்குள் பலகை அவசரப்பட்டுப் படித்துத் தொலைத்தது. ‘திருவெண்ணெய்’ என்று வரும், நல்லூரைக் காணோம். மண்டையை உடைத்துக்கொண்டு, ஃபைலை வேறு பெயரில் முழுதாக எழுதிவிட்டுப் பிறகு பெயரை மாற்றும் வழியைக் கண்டுபிடித்தாள். வளவனூர் பஸ் பலகையில் ஏறி, கிளம்பியதும் மறைந்தபோது, சென்டரில் ஆள் இருப்பதையும் மறந்து கைதட்டினாள்.

புதுச்சேரியில் ஒரு கேம் கம்பெனி, ‘நீங்களே செய்த ஒன்றைக் காட்டுங்கள், வேலை தருகிறோம்’ என்றிருந்தது. அதை அவள் அருளிடம் மட்டும் சொன்னாள். அருளும் அந்த விளையாட்டு ரசிகர் கூட்டத்தில் ஒருவன்; விழுப்புரத்துக்காரன், விளையாட்டுக்கு பஸ் வரைவதில் கெட்டிக்காரன். செய்தவர்கள் பெயரை பஸ்ஸின் பின்கண்ணாடியில் எழுதுவது, பஸ்ஸை வரைந்தவர் பொறுப்பு. அது அந்தக் கூட்டத்து வழக்கம். அதனால் மொத்தத்தையும் அவனிடம் கொடுத்தாள்.

“என் பேரையும் எழுதிடுங்கண்ணா.”

“அத நான் பாத்துக்கறேன் மலரு. மொதல்ல டெஸ்ட் பண்ணிக்கினு சொல்றேன்.”

சில நாளில் சர்வர் திணறியது. அவளைத் தவிர மாட் இருப்பதோ அருள் ஒருவனிடம். ‘இப்போது எந்த பஸ் நிற்கிறது’ என்று சர்வரைக் கேட்கும் கம்ப்யூட்டர்களோ எங்கெங்கிருந்தோ வந்து குவிந்தன. தன் புரோகிராமில்தான் கோளாறு என்று வரிவரியாகத் தேடினாள், பேதைப் பெண். கடைசியில் ரசிகர்கள் கூடும் தளத்தைத் திறந்தால், அங்கே அவளுடைய மாட் யார் யார் கம்ப்யூட்டரிலோ அமர்க்களமாக இறங்கிக்கொண்டிருந்தது. பின்கண்ணாடியில் ‘அருள், விழுப்புரம்’. வேறு பெயர் இல்லை.

போன் போட்டாள்.

“பொண்ணு பேரப் போட்டா பசங்க கண்டத எழுதுவானுங்க மலரு. உன் நல்லதுக்குத்தான் பண்ணேன்.”

அதைப் பாதி நம்பினாள். அண்ணா ஆயிற்றே.

புதுச்சேரிக் கம்பெனிக்குத் தன் மாட்டைக் காட்ட நேரில் போனாள். அங்கே சூர்யகலா என்ற அதிகாரி, பலகையைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார். “இது அருள் செஞ்சதாச்சே? எங்க சிஸ்டத்துலயும் இருக்கே.”

மலர்விழி வாதாடவில்லை. தன் போனில் சர்வரைத் திறந்து ஒரு வரி தட்டினாள். சூர்யகலாவின் திரையில், விழுப்புரம் பலகையில் ‘இதைச் செய்தவள் மலர்விழி’ என்று ஓடியது.

சூர்யகலா அந்த வரியை இரண்டு முறை படித்தார். “நம்புறேன்மா. ஆனா காலியா இருந்தது ஒரே இடம். போன வாரமே அருள எடுத்துட்டோம். திங்கக்கிழமை சேர்றாரு.”

அருள் டெஸ்ட் பண்ணிக்கொண்டிருப்பதாக அவள் நம்பிய வாரம். எங்கே டெஸ்ட் நடந்தது என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பி வரும் பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள். வீடு சேர்ந்ததும் சர்வரை நிறுத்தினாள்.

திங்கட்கிழமை போன் அடித்தது.

“மலரு, பலகை ஓடலையே! ஆபீஸ்ல எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க, பேஜாரா கீது. ஜல்தியா சரி பண்ணும்மா.”

“நீங்க செஞ்சதுதானே அருளு? நீங்களே சரி பண்ணுங்க.”

முதல் முறையாக அண்ணா இல்லாமல் பேசிவிட்டுப் போனை வைத்தாள். வைத்தபிறகு தேம்பித் தேம்பி அழுதாள்.