சாணம் தெளித்த வாசலும் தண்ணீர் இறங்கும் தெருவும்

சேலத்தில் எங்கள் தெருவுக்குப் புதுச் சாலை போடப் போகிறார்கள். மறுபடியும் காங்கிரீட் போட்டு உயர்த்தினால் மழைத்தண்ணீர் எங்கள் கூடத்துக்குள்தான் வரும். அந்த வயிற்றெரிச்சலில் இருந்தபோதுதான், பாகலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பிளாஸ்டிக் குப்பையில் தண்ணீர் இறங்கும் தெரு போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து பாகலூர் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். டவுன் பஸ்ஸில் அரை மணி. காலையில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே மாட்டினால் இன்னொரு அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். போனில் கன்னடம் பேசி, குறுக்கே வந்த மாட்டைத் தெலுங்கில் திட்டிய டிரைவர், என்னிடம் தமிழில் கேட்டார்: "ரோட்டப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

தெரு முழுக்கப் பதித்திருந்தவை, பால் கவரையும் கம்பெனிகளின் பேக்கிங் பிளாஸ்டிக்கையும் உருக்கி, ஜல்லியோடு சேர்த்து அழுத்திய கற்கள். மிச்சமாகக் கிடந்த ஒன்றைக் கையில் எடுத்தால் பொரி உருண்டை மாதிரி இடைவெளி இடைவெளியாக இருக்கிறது. தெருவில் பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். போன இடம் தெரியவில்லை. எனக்கு வாயெல்லாம் பல்.

தெருக்கோடியில், பள்ளத்தில் இருந்த வீட்டின் முன் மட்டும் முந்தின நாள் மழை தேங்கி நின்றது. அது மஞ்சுளா அக்காவின் வீடு. தக்காளித் தோட்டம், இரண்டு மாடு. "இந்த ஒரு எடத்துல தண்ணி நிக்கிதுன்னு பஞ்சாயத்துல கல்லப் பேத்துட்டு காங்கிரீட் போடறோங்கறாங்க. போட்டா ரோடு ஒசந்துரும். பழையபடி மழைன்னா அரிசி மூட்டையக் கட்டில் மேல ஏத்தணும்" என்றார். கண் கலங்கியிருந்தது.

குனிந்து கல்லை நகத்தால் சுரண்டினேன். பச்சையாக ஏடு ஏடாக வந்தது. சாணம். அக்காவுக்குத் தனியாக முற்றம் இல்லை, தெருவே வாசல். தினமும் விடியற்காலையில் கெட்டியாகக் கரைத்துத் தெளித்துக் கோலம் போடுகிறார். மற்ற வீடுகளில் இருப்பவர்கள் தெற்கத்திப் பக்கமிருந்து வந்த ஷிப்ட் வேலைக்காரர்கள். வாசல் தெளிக்க அவர்களுக்கு ஏது நேரம்? அங்கெல்லாம் கல்லின் கண் திறந்தே இருந்தது. அக்காவிடம் சொன்னேன்.

"புது ரோடாச்சேன்னு நல்லாத் தெளிச்சேன். அப்ப நானேவா கெடுத்துக்கிட்டேன்?"

எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஆனால் அவர் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை. தோட்டத்துக்கு மருந்தடிக்கும் மோட்டாரைக் கழுவிக் கொண்டுவந்தார். நான் துடைப்பத்தால் தேய்க்க, அவர் பீய்ச்சி அடிக்க, மதியம் வரை ஆனது. என் சட்டையைப் பற்றிக் கேட்காதீர்கள்.

சாயங்காலம் பாகலூரில் பஸ்ஸுக்கு நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. மனசு கேட்கவில்லை. அதே ஆட்டோவில் திரும்பிப் போனேன். அக்கா வாசற்படியில் நின்று கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்த தண்ணீர் வர வரக் கல்லுக்குள் இறங்கியது. பழக்கதோஷத்தில் அரிசி மூட்டை அதற்குள் கட்டில் ஏறியிருந்தது. "ஒரு கை புடிங்கண்ணா" என்றார். இரண்டு பேருமாகத் தரையில் இறக்கினோம். இனி சாணமும் கோலமும் வாசற்படிக் கல்லோடு சரி என்று அவரே சொன்னார்.

இந்த மாதிரித் தெரு கேட்டு வாங்குகிறவர்கள், கல் பதிக்கும் முன்பே வாசல் தெளிக்கிறவர்களிடம் பேசிவிடுங்கள். பார்க்கப் போகிறவர்கள் மழை நாளில் போங்கள். வெயிலில் அது வெறும் சொரசொரப்பான தெருதான். மழையில் அந்த வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள், மூட்டை தரையில் இருக்கும்.