தங்கச்சி நின்ற பலகை

என் மகளுக்கு மூன்றரை வயது. போன மாதம் என் வீட்டுக்காரர் அவளுக்குப் பெடல் இல்லாத சைக்கிள் ஒன்று வாங்கினார். வாங்குவதற்கு முன் ஒரு வாரம் போனைக் கீழே வைக்கவில்லை. எந்தச் சக்கரம் நல்லது, சீட்டு எவ்வளவு உயரம் இருக்கலாம், எத்தனை நாளில் குழந்தைக்கு பேலன்ஸ் வரும் என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதியதையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டினார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட மனிதர் இவ்வளவு விசாரிக்கவில்லை.

என் அம்மா வீட்டில் இந்த மாதிரி ஒரு சாமான் வாங்கப் புறப்பட்டது ஒரே ஒரு முறைதான். அது என் தங்கச்சிக்காக.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. அம்மா வலையில்லாமல் கையாலேயே இறால் பிடிப்பவள். இடுப்பளவுத் தண்ணீரில் கழுத்து நனையக் குந்திக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி நகர்ந்து போவாள். அகப்பட்ட இறாலைப் போட்டுவைக்கப் பறி என்று ஒரு பனையோலைக் கூடை உண்டு. கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வாள். உங்கள் அம்மா பேசாமல் இருப்பது ஏரியில் இருக்கும்போது மட்டும்தான் என்று நைனா கிண்டல் செய்வார். கரையேறியதும் அம்மா அதற்கும் சேர்த்துப் பேசிவிடுவாள்.

தங்கச்சிக்கு அப்போது நாலு வயது. பள்ளிக்கூடம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்தது, படகில்தான் போகவேண்டும். கரையிலிருந்து படகுக்கு ஒரு பலகை போட்டிருப்பார்கள். முந்தின வருஷம் அந்தப் பலகையிலிருந்து சறுக்கி விழுந்தவள், ஆட்கள் இறங்கித் தூக்குவதற்குள் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டாள். அன்றிலிருந்து, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத இடத்தில் நிற்கமாட்டாள். சுவர் இருந்தால் சுவரைப் பிடிப்பாள், ஆள் இருந்தால் ஆளின் முழங்காலைப் பிடிப்பாள், இரண்டும் இல்லையென்றால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவாள். ஊர்ப் பிள்ளைகள் அவளைப் பல்லி என்று கூப்பிட்டார்கள். நர்சம்மா காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, காலில் ஒரு கோளாறும் இல்லை, பயம்தான், வெளியில் ஓடியாட ஏதாவது விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுங்கள் என்றார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அவள் தானாகப் பலகை ஏறவேண்டும். இல்லையென்றால் இன்னொரு வருஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டோடு கிடக்கவேண்டியதுதான். அந்த நேரத்தில் அம்மா ஏரியில் இருப்பாள், நைனா படகில் வேலைக்குப் போயிருப்பார், தூக்கிக்கொண்டு போக ஆள் கிடையாது. இவள் தூக்கிக்கொண்டு போகமாட்டாளா என்று ஒன்பது வயதான என்னை எல்லோரும் ஒரு தினுசாகப் பார்க்க ஆரம்பித்ததால், அவள் நிற்கவேண்டும் என்று எனக்கும் உள்ளூர ஆசை வந்துவிட்டது.

பொங்கல் முடிந்த வாரம் மாமா எங்களைப் பொன்னேரிக்குக் கூப்பிட்டார். அம்மாவின் தம்பி அவர், அங்கே ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். திருப்பாலைவனம் வழியாக பஸ்ஸில் போய் இறங்கி, ஒரு பொம்மைக் கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் முதலில் மூன்று சக்கர சைக்கிளை எடுத்து வைத்தார். அம்மா அதன் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, சாய்கிறதா என்று பார்த்தாள். புதுப் படகு வாங்குகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். சைக்கிள் அசையவில்லை.

"இது தானே நிக்கிதே. அப்புறம் இவ எதுக்கு நிக்கணும்?" என்றாள்.

கடைக்காரர் சைக்கிளை ஓரமாக நகர்த்தினார். மரக்குதிரையைக் காட்டினார். உட்கார்ந்துகொண்டு ஆட இவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம் என்று அம்மா அதையும் தள்ளிவிட்டாள். அப்போதுதான் மூலையில் இருந்த சிவப்பு ஸ்கூட்டரை நான் பார்த்தேன். ஒரு காலை வைத்து மறு காலால் உந்துகிற வகை. பார்த்ததுமே மனசு போய்விட்டது. ஒற்றைக் காலில் நின்றால் கால் எப்படி உறுதியாகும் என்று தங்கச்சிக்காக அங்கே நான் வாதாடிய வாதத்துக்கு என்னைப் பொன்னேரி கோர்ட்டிலேயே சேர்த்துக்கொண்டிருப்பார்கள். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா ஸ்கூட்டரை வாங்கிவிட்டார்.

எங்கள் ஊர் மண்ணில் பாதி மணல், பாதி கிளிஞ்சல். ஸ்கூட்டரின் சக்கரம் இரண்டு முழம் போவதற்குள் புதைந்தது. ஒரு நாள் சாயந்திரம் நான் தங்கச்சியைத் தார் ரோட்டு ஓரத்துக்குக் கூட்டிப்போய் ஏற்றி நிறுத்தினேன். பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, புடிச்சினுதான் இருக்கேன், புடிச்சினுதான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே தள்ளினேன். பாதி வழியில் கையை எடுத்துவிட்டேன். அவள் தானாகப் போய்விட்டால் ஸ்கூட்டரும் எனக்கு, பேரும் எனக்கு என்று கணக்குப் போட்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். என் கை இல்லாததைப் பார்த்ததும் சரிந்து கிளிஞ்சலில் விழுந்தாள். உதடு கிழிந்துவிட்டது.

அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. ஸ்கூட்டரை எடுத்துக் கூரையில் செருகினாள். அவ்வளவு பேசுகிறவள் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டது எனக்கு அடியைவிடப் பெரிதாக இருந்தது. தங்கச்சி இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டுகூட நிற்கவில்லை.

நாலு நாள் கழித்து மீன் ஏலம் விடுகிற இடத்திலிருந்து அம்மா ஐஸ்பெட்டியின் தெர்மாகோல் மூடிகள் இரண்டைத் தூக்கி வந்தாள். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பழைய வலையால் இறுக்கிச் சுற்றி, அடியில் ஒரு கயிறு கட்டினாள். மாமா வந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா, கடையெல்லாம் சுத்திட்டு இதான் கெடச்சுதா?" என்று கேட்டார். விழுந்தால் தண்ணீரில்தானே விழுவாள், அங்கே கிளிஞ்சல் இல்லை என்றாள் அம்மா.

தினமும் இறால் பிடித்து முடித்ததும் தங்கச்சியை அதில் உட்கார வைத்து முழங்கால் ஆழத்தில் விடுவாள். முதல் நாள் ஊரே கேட்கிற மாதிரி அவள் கத்தினாள். அம்மா அந்தத் தெர்மாகோல் பலகையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்திருக்கவேண்டும், ஒரு விரல் எடுத்தாலும் அழுகை. ஒரு வாரத்தில் மண்டி போட்டாள். அதற்குமேல் எழுந்திருக்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா கரையேறிக்கொண்டிருந்தாள். பறியை என் மடியில் வைத்து, திறக்காதே, துள்ளிப் போய்விடும் என்று சொல்லிவிட்டுத் தங்கச்சியோடு மறுபடி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாள். பாவாடைக்கு மேலே இறால் முட்டுவது எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நல்ல காற்று. தண்ணீர் சிறுசிறு மடிப்பாகக் கரைக்கு எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பலகையிலிருந்து இரண்டு பாக தூரத்தில், இரண்டு ஆள் நீளம் இருக்கும், வேலை செய்யும்போது குந்துவதைப் போலவே கழுத்து நனையக் குந்தியிருந்தாள். பல்லில் கயிறு.

அப்போது ஏரியின் நடுவில் நின்றிருந்த பூநாரைகள் ஒன்றாக எழும்பின. எத்தனை என்று யாராலும் எண்ணமுடியாது. இறக்கையைத் திறந்ததும் உள்ளே இருந்த சிவப்பு வெளியே வந்து, ஏரிக்கு மேலே அந்தப் பக்கம் முழுவதும் சிவந்துவிட்டது. அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்டது. நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை இறக்கியபோது தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள்.

அவளுக்கே அது தெரியவில்லை. தலையை அண்ணாந்து, பறவைகள் போகிற பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தாள். பிறகு ஞாபகம் வந்து அம்மாவைத் தேடினாள். இதோ விழப்போகிறாள் என்று நான் நினைத்தேன். அம்மா இரண்டு கையையும் தண்ணீருக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்து அவளுக்குக் காட்டினாள். கையில் ஒன்றும் இல்லை. தங்கச்சி அந்தக் கைகளைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள். உட்காரவில்லை.

"அம்மா, நானேதான் நிக்கிறேன்" என்றாள்.

அவ்வளவு காற்றிலும் பலகை இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. என் தங்கச்சியின் காலில் ஏதோ சக்தி இறங்கிவிட்டது என்றே நம்பினேன். எனக்கு அழுகை வந்தது. அம்மா பார்த்தியா, பார்த்தியா என்று கரையிலிருந்து கத்தினேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. தங்கச்சிக்கு ஒரு சபாஷ்கூடச் சொல்லவில்லை. ஸ்கூட்டர் கோபம் இன்னும் தீரவில்லை, அதனால்தான் இந்தச் சந்தோஷத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று மனசு கசந்துவிட்டது. அன்று சாப்பிடும்போது அம்மா கருவாட்டை எங்களுக்குத் தள்ளிவிட்டு வெறும் கஞ்சியைக் குடித்தாள். உதட்டோரம் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஜூனில் தங்கச்சி படகுப் பலகை ஏறினாள். என் கையைத் தட்டிவிட்டு எனக்கு முன்னால் ஏறினாள். ஆனாலும் அந்த நாளை நினைத்தால், அம்மா பேசாமல் இருந்தது ஒரு முள்ளாக எனக்குள் பல வருஷம் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மகளை அந்தச் சைக்கிளில் ஏற்றி, சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அம்மா செய்ததைப் போலவே செய்ய ஆசைப்பட்டு, கொஞ்ச தூரம் போனதும் முன்னால் ஓடி இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவள் அழகாகச் சரிந்து விழுந்தாள். முதலில் அப்படித்தான் இருக்கும் என்று போனில் போட்டிருப்பதாக வீட்டுக்காரர் சொன்னார். முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்தக் காற்று நினைவுக்கு வந்தது. தெர்மாகோலுக்கு என்ன கனம் இருக்கும், ஊதினால் போய்விடும்.

அம்மாவின் இரண்டு கையும் வெளியேதான் இருந்தன. ஏரியில் அம்மாவைப் பல்லில் கயிறு இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. அதனால் அன்றைக்கு அது எந்தக் கயிறு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பறி என் மடியில்தான் இருந்தது.