அம்மாவை அம்மன் என்றார்கள்

அந்த வைகாசி மாதத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது புளித்த பாலின் மணம்தான். அம்மாவின் சட்டையில் பால் கசிந்து, காய்ந்து, மறுபடி கசிந்து, விறாந்தையில் எரிந்த கற்பூரத்தையும் சாம்பிராணியையும் மீறிக்கொண்டு வீடு முழுக்க அந்த மணம் நின்றது. குடிக்க வேண்டிய பிள்ளையோ உள்ளறையில், கூரை வளையில் சேலையைக் கட்டித் தொங்கவிட்ட "ஏணை"யில் கிடந்து தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தான். அவனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு மண்சுவர்தான் இருந்தது. ஆனால் அந்த அறை வாசலில் என் மாமி நின்றார்.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. குடாநாட்டில் பங்கு பிரித்துப் பிரித்து முற்றமளவாகிப்போன காணியை விட்டுவிட்டு, குளத்துத் தண்ணீரை நம்பி அக்கராயனுக்கு வந்து வயல் செய்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஐயா, அம்மா, ஒன்பது வயதில் நான், நாலு மாதத்தில் தம்பி, இவர்களோடு ஐயாவின் அக்காவான மாமி. தாய் இல்லாத ஐயாவை வளர்த்து ஆளாக்கியவர் என்பதால் எங்கள் வீட்டில் மாமி சொல்வதே சட்டம். அம்மா ஓயாமல் கதைக்கிற ஆள், கிணற்றில் தண்ணீர் அள்ளும்போதும் கதைதான். நாலு வாளி அள்ளியதும் "இழைப்பு" வந்துவிடும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் குந்தி, மூச்சு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி நெடுநாள் காய்ச்சலில் கிடந்தவர் என்று சொல்வார்கள். அந்த இழைப்பை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

தம்பி சுகமாகப் பிறந்ததற்கு வைத்த நேர்த்திக்கடனுக்காக வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வண்டில் கட்டிப் போனோம். பறைமேளமும் அரோகராவும் காதை அடைக்க, சனநெரிசலுக்குள் நின்ற அம்மா திடீரென்று தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குந்தினார், தின்றதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தார், மணலிலேயே சரிந்தார். கொஞ்ச நேரத்தில் எழும்பிவிட்டார். எழும்பியவர் என்னைப் பார்த்து, "கரவடி மாந்தினை நூலுங்கோ, சீரணை தாருங்கோ" என்றார். அப்படித்தான் என் காதில் இன்றும் இருக்கிறது. குரல் அம்மாவுடையது, இழுவையும் அம்மாவுடையது, ஆனால் இந்த உலகத்தில் எவரும் பேசாத பேச்சு.

"அம்மாள் வந்திட்டா!" என்று மாமி தன் தலைக்கு மேல் கைகளைக் கூப்பினார். பக்கத்தில் நின்ற கோயில் கிழவர் ஒருவர், "வெய்யில் பிடிச்சிருக்குப் போல, ஆளை நிழலிலை கிடத்துங்கோ" என்று சொன்னார். அரோகராவுக்குள் அது யார் காதில் ஏறும்?

இப்போது கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும், இது பாரிசவாதம் என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா என்று. தோன்றவில்லை. பாரிசவாதம் என்றால் ஒரு பக்கக் கையும் காலும் விழ வேண்டும், வாய் கோண வேண்டும், நாக்குத் தடிக்க வேண்டும். அதுதான் எங்களுக்குத் தெரிந்த பாரிசவாதம். அம்மாவோ வீடு வந்து சேர்ந்த மறுநாளே கிணற்றில் தண்ணீர் அள்ளினார், குசினியில் அடுப்பு மூட்டினார், பேச்சு மடை திறந்த மாதிரி வந்தது. சொல் ஒன்றுகூடச் சொல்லாக இல்லை, அவ்வளவுதான். அதோடு நாங்கள் சொன்னதும் அவருக்கு ஏறவில்லை. "அம்மா, சோறு தாங்கோ" என்றால் என் வாயையே உற்றுப் பார்ப்பார், வேற்றூரில் வழி தவறி நிற்கிற ஆள் மாதிரி. "அம்மாள் தன்ரை பாட்டுக்குத்தான் கதைப்பா, எங்கடை கதைக்கு மறுமொழி சொல்லுவாவே?" என்று மாமி அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். மாமியிடம் விளக்கத்துக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை.

செய்தி ஸ்கந்தபுரம் வரை போயிற்று. வெற்றிலையும் பழமும் கொண்டு சனம் வரத் தொடங்கியது. காணாமற்போன எருமை எந்தத் திசையில் நிற்கிறது, மகளுக்குக் கலியாணம் எப்போது சரிவரும், சிறுபோக நெல்லுக்குக் குளத்துத் தண்ணீர் போதுமா என்று கேட்பார்கள். விறாந்தையில் வெள்ளை விரிப்பில் இருத்தப்பட்ட அம்மா ஏதோ சொல்லுவார், மாமி அதைத் தமிழாக்குவார். எருமை தானாகத் திரும்பி வந்துவிட்டது, அம்மாள் வாக்குப் பலித்தது என்றார்கள், அதோடு எங்கள் பாடு முடிந்தது. "அம்மாள் இறங்கின உடம்பு, பிள்ளைக்குப் பால் குடுக்கப்படாது" என்று தம்பியை மாமி தூக்கிக்கொண்டு போய் ஆட்டுப்பால் பருக்கினார். அது அவன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவன் அழ அழ, சுவருக்கு இந்தப் பக்கம் அம்மாவின் சட்டை நனையும்.

அம்மா கெஞ்சினார். அதை நான் பார்த்தேன். உள்ளறைப் பக்கம் கையைக் காட்டி, மார்பைக் காட்டி, கண்ணீர் ஓட இரண்டு கைகளையும் கூப்பி, வந்திருந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து அந்தப் புரியாத சொற்களால் கெஞ்சினார். சனம் "தாயே!" என்று பதிலுக்குக் கைகூப்பி விழுந்து கும்பிட்டது. பிள்ளையைக் கேட்டு அழுத ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய கொடுமையை யாரும் செய்திருக்க முடியாது. அதைச் செய்தவர்கள் கெட்டவர்களும் இல்லை.

வயலுக்குப் போய் ஐயாவிடம் சொன்னேன். "ஐயா, அம்மா தம்பியைத்தான் கேக்கிறா."

ஐயா மண்வெட்டியை வாய்க்காலில் ஊன்றினார். "எனக்கும் அப்பிடித்தான் படுகுது பிள்ளை. அக்கா அப்பிடி இல்லையெண்டு சொல்லுறாவே" என்றார். பிறகு வரம்பை வெட்டத் தொடங்கிவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை, முற்றம் நிறைந்த சனத்துக்கு நடுவிலிருந்து அம்மா எழும்பினார். நேரே உள்ளே போய் ஏணையிலிருந்து தம்பியை வாரி எடுத்தார். மாமி அவனது காலைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் பிள்ளை கீச்சிட்டது. அம்மா மாமியின் கையைக் கடித்தார், இரத்தம் வந்தது. ஆண்கள் நாலைந்து பேர் ஓடிவந்து அம்மாவைத் தூணோடு சேர்த்துப் பிடித்தார்கள். தெய்வம் கடிக்காது என்று அந்த நிமிடத்தில் எல்லோருக்கும் தெளிந்துவிட்டது. பழத்தட்டுகளை எடுத்துக்கொண்டு சனம் கலைந்தது. அடுத்த நாள் ஊர் முழுக்க ஒரே சொல்: "விசர்."

டிஸ்பென்சரியில் நோய் பார்த்து மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி அம்மாவின் கையையும் காலையும் தூக்கிப் பார்த்தார், முழங்காலில் தட்டினார், நாக்கை நீட்டச் சொன்னார். அம்மா நாக்கை நீட்டாமல் அவரோடு கதைத்துக்கொண்டே இருந்தார். "நரம்பிலை ஒரு பழுதும் இல்லை, புத்திதான் பேதலிச்சுப்போச்சு" என்று சொல்லித் தெற்கே தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார். கிளிநொச்சியில் ரயில் ஏற்றும்போது அம்மா என் முகத்தைத் தடவி ஏதோ சொன்னார், பிறகு தம்பியைத் தேடிச் சனத்துக்குள் எட்டி எட்டிப் பார்த்தார். மாமி அவனைக் கொண்டு வரவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்தவர் எவரும் இல்லை. ஐயா பின்னாளில் ஒரே ஒரு தடவை அதைப் பற்றிச் சொன்னார். அங்கே எல்லோரும் அன்பாகத்தான் நடந்தார்களாம். அம்மா கதைத்ததை அவர்கள் தமிழ் என்று நினைத்துக்கொண்டார்களாம். "அது தமிழில்லை எண்டு அவங்களுக்குச் சொல்ல எனக்குச் சிங்களம் வரேல்லைப் பிள்ளை" என்று சொல்லி ஐயா அழுதார். அடுத்த மாரிக்குள் அம்மா இறந்துபோனார். ஐயா அங்கே போவதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது.

தம்பியை மாமிதான் வளர்த்தார். கையில் இருந்த தழும்பைக் காட்டி, "உன்ரை கொம்மா உன்னைக் கொல்லப் பாத்தவள், நான்தான் பறிச்செடுத்தனான்" என்று அவனுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார். மாமி அதை நம்பித்தான் சொன்னார். நான் எத்தனையோ தடவை உண்மையைச் சொல்லியிருக்கிறேன். "விடுங்கோ அக்கா, விசர் பிடிச்ச மனிசியின்ரை கதை எனக்கு வேண்டாம்" என்று எழும்பிப் போய்விடுவான். பெற்ற தாய்க்கு ஒரு திவசம்கூட அவன் செய்ததில்லை.

போன ஆண்டு தம்பிக்குப் பாரிசவாதம் வந்தது. இது எல்லோருக்கும் தெரிந்த வகை: வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. வவுனியாவில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்பிள்ளையிடம் கூட்டிப்போகிறேன். அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். பெரும்பாலானோருக்கு மொழி மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறதாம். இரத்தக்குழாய் அடைத்தாலும், வெடித்தாலும், தலையில் அடி விழுந்தாலும், போரில் வெடித்த செல்லின் துண்டு பட்டாலும், கட்டி வளர்ந்தாலும் அது பழுதாகலாம். முன்பக்கம் பழுதானால் கேட்பது பெரும்பாலும் விளங்கும், சொல்லத்தான் வராது, தம்பியைப் போல. சிலருக்குப் பொருள்களின் பெயர்கள் மட்டும் தப்பிப்போகும். சிலருக்கு எல்லாமே அழிந்துவிடும். பின்பக்கம் பழுதானவர்களுக்குக் கை கால் தப்பிவிடுவதும் உண்டு; பேச்சு ஆறாக ஓடும், ஆனால் சொற்கள் சொற்களாக இரா, மற்றவர் பேச்சும் விளங்காது, தாங்கள் பிழையாகக் கதைக்கிறோம் என்பதுகூடத் தெரியாமல் இருக்கும்.

வற்றாப்பளையில் நடந்ததை அவருக்குச் சொன்னேன். அம்மாவின் இழைப்பையும் அந்தப் பழைய காய்ச்சலையும் சொன்னேன். காய்ச்சலில் இதய வால்வு பழுதாகி, அங்கே உறைந்த இரத்தக்கட்டி மூளைக்கு ஏறியிருக்கலாம் என்றார். "அப்பிடியான ஆளுக்குத் தன்ரை பிள்ளையைத் தெரியுமே?" என்று கேட்டேன். "ஓம் அம்மா, ஆளை வடிவாத் தெரியும். சொல்லுத்தான் போறது, பாசம் போகாது" என்றார். தம்பி பக்கத்துக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

அக்கராயன் வீடு போரில் தரைமட்டமாயிற்று. ஐயாவும் மாமியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அம்மாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை, அவரைப் புதைத்த இடமும் தெரியாது. அன்று பின்னேரம் தம்பிக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். இந்தத் தடவை அவன் முகத்தைத் திருப்பவில்லை. மனத்துக்குள் நிற்கிற சொல் வாய்க்கு வராமல் போவது என்னவென்று அவனுக்கு இப்போது தெரியும். "அம்மா உன்னைக் கொல்ல எடுக்கேல்லையடா, பால் குடுக்க எடுத்தவா" என்றேன். அவன் இடக்கையால் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் ஓட, ஏதோ கேட்க வாயைத் திறந்தான். பொழுதுபட்டு நான் விளக்கைப் போடும் வரைக்கும் முயன்றான். ஒரு சொல்லும் வரவில்லை.